இருபத்திரண்டாவது எஞ்சின்

வளைகுடாவில், ஹத்தா போகும் ரோட்டில் செம்மணல் மேடுகளுக்கு நடுவே எங்கள் யார்டு இருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு மணலில் ஏறி இறங்க நாலு சக்கர பைக் வாடகைக்கு விடும் இடம். இருபது பைக், அவற்றைக் கழுவ தண்ணீர் அடிக்கிற பெட்ரோல் எஞ்சின் ஒன்று, குழந்தைகளுக்கான சிவப்பு நிற சின்ன மோட்டார் பைக் ஒன்று. மொத்தம் இருபத்திரண்டு எஞ்சின். அக்டோபரில் ஆரம்பிக்கும் கூட்டம் ஏப்ரலோடு நின்றுவிடும். மே மாதத்தில் அந்த மணலில் செருப்பில்லாமல் நாலு அடி வைக்க முடியாது, பைக் ஓட்ட யார் வருவார்கள்?

அதனால் மே வந்தால் ஷெட்டை மூடிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். சிலர் ஊருக்கு லீவில், மற்றவர்கள் அல் குசைஸில் இருக்கும் கம்பெனி வொர்க்‌ஷாப்புக்கு. ஒரே ஒரு ஆள் மட்டும் யார்டில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவது அவர் வேலை. ஓட்டாமல் போட்டால் அந்த வெயிலில் பெட்ரோல் கார்புரேட்டருக்குள்ளேயே காய்ந்து பிசினாகிவிடும். நான் சேர்வதற்கு முன்பும், சேர்ந்த முதல் கோடையிலும் அப்படி இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். இரண்டு கோடையாக அவர் லீவுக்குப் போகவில்லை.

"பேச்சுத் துணைக்கு இருபத்திரண்டு பேர் இருக்காங்கடா தம்பி" என்பார். "வெள்ளிக்கிழமையானா ஒவ்வொருத்தனா எழுப்பி விடுவேன். எட்டாம் நம்பர்க்காரன் மட்டும் இருமிக்கிட்டே இருப்பான்."

வெயில் தலைக்கு ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன்.

அரியலூர் பக்கம் எங்கள் வீட்டில் எழுதப் படிக்கப் பழகிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அச்சில் இருப்பது தப்பாகாது என்று அந்த வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை. யார்டு ஆபீஸ் மேசை டிராயரில் பைக்கோடு வந்த ஆங்கிலப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. இரண்டாவது ஏப்ரலில் அதைப் பிரித்துப் படித்தேன். கடைசியில் ஒரு அத்தியாயம்: குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது எப்படி. பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் ஆறு மாதம் வண்டியை மூடி வைத்து, பனி விட்டதும் எடுத்து ஓட்டுகிறார்கள். நடுவில் யாரும் போய் ஸ்டார்ட் செய்வதில்லை.

மறுநாளே மேனேஜரிடம் போனேன். அவர் கீழக்கரைக்காரர். எல்லோருக்கும் பாய். பக்கத்தில் ஃபோர்மேன் நின்றிருந்தார். பெஷாவர் பக்கத்து மனிதர். நாங்கள் உஸ்தாத் என்போம்.

"பாய், வாராவாரம் ஓட்டவே வேணாம். பெட்ரோல வடிச்சு, பிளக்க கழட்டி சிலிண்டர்ல எண்ணெய் ஊத்தி மூடிட்டா அக்டோபர் வரைக்கும் அப்படியே கெடக்கும். புக்குலயே போட்டிருக்கு."

மேனேஜர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பனியில் மூடிய வீட்டின் முன்னால் ஒரு பைக் நிற்கிற படம். "இது என்னப்பா, ஐஸ் மழ பெய்யிற ஊருக்கு எழுதினதுல்ல?"

"குளிரோ வெயிலோ, எஞ்சின் சும்மா நிக்கிறது ஒண்ணுதானே பாய்?"

உஸ்தாத் சிரித்தார். பனியிலிருந்து வண்டியைக் காப்பாற்றச் சொல்கிறதா உன் கிதாபு என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். "அச்சா," என்றார். "ஜூலையில் பனி விழுந்தால் எனக்கும் கொஞ்சம் எடுத்து வை."

மேனேஜர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "சரி, செய். ஆனா யார்டுக்கு ஒரு ஆளு வேணும்ல? நீதான் சொன்ன, நீதான் இருக்கணும். அக்டோபர் மொத நாளு சாயங்காலத்துக்குள்ள இருபத்திரண்டும் ஓடணும். ஓடிருச்சுன்னா ஒன் லீவுல அன்னிக்கே கையெழுத்து. ஒண்ணு நின்னுச்சுன்னாலும் சீசன் முடியிற வரைக்கும் லீவு மாஃபி, கெடையாது."

தங்கைக்கு ஐப்பசியில் கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் முடிந்து எனக்கு லீவு விழுவதும் அப்போதுதான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். பட்டுக்கோட்டை அண்ணன் வெளியில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "படிச்சவன்டா நீ! ஒன் புண்ணியத்துல நான் எம்புள்ள மூஞ்சியப் பாக்கப் போறேன். ஆனா தம்பி, வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா நீயும் குசைஸ்ல எட்டுப் பேரோட ஜாலியா இருந்திருக்கலாம்."

பத்து நாள் வேலை. பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் தங்கியிருப்பதைக் கடைசிச் சொட்டு வரை வடித்தேன். டாங்கையும் காலி செய்தேன். பழைய ஆயிலை மாற்றினேன். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, எண்ணெய் உள்ளே எல்லா இடத்திலும் படியும்படி எஞ்சினை நாலு சுற்று சுற்றி, மறுபடி பிளக்கைப் பூட்டினேன். பல்லி, எலி, மணல் எதுவும் புகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தேன். டயர் தரையில் சுடாமல் இருக்க மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, மேலே பருத்தித் துணி. ஒரு நோட்டில் எண் போட்டு ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தேன். பேட்டரிகளை மட்டும் வெயிலில் விடக் கூடாது. இருபதையும் கழற்றி நான் தங்கும் கேபினுக்குப் பக்கத்து ஏசி கேபினில் வரிசையாக வைத்தேன். அந்தப் பாலைவனத்தில் புத்தகம் சொன்ன குளிர்காலம் அந்த ஒரு கேபினுக்குள் மட்டும்தான் இருந்தது.

கடைசி பிக்கப் புறப்பட்டுப் போன மதியம் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் விஷயம் உறைத்தது. அண்ணனுக்கு வாரம் ஒருநாளாவது சத்தம் இருந்தது. நான் எல்லாவற்றின் வாயையும் என் கையாலேயே அடைத்துவிட்டேன்.

ஏசி சத்தத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது நிற்காமல் ஓடுவதால் நாலாம் நாளே காது அதை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உஸ்தாத் வந்து தண்ணீரும் அரிசி பருப்பும் இறக்கிவிட்டு, "டீக் ஹை?" என்று நலம் கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். அவருக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டும். மற்ற ஆறு நாளும் பேச ஆள் இல்லை. ஒருநாள் உஸ்தாத்திடம் பேச வாயைத் திறந்தபோது தொண்டையில் சத்தம் வரவில்லை. கனைத்துக்கொண்டுதான் பேச முடிந்தது. அதன்பிறகு தினமும் காலையில் நோட்டை எடுத்து இருபத்திரண்டு வரிகளையும் உரக்கப் படித்தேன். குரலைப் பழக்கத்தில் வைப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொபைலுக்கு தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றால்தான் சிக்னல். ஆனி மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அந்த வெள்ளிக்கிழமை காலை தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தொட்டி நிழலில் நின்று கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். பின்னால் நாதஸ்வரமும் ஒரே கூச்சலும்.

"சாப்டியாப்பா? என்னமோ தனியா இருக்கியாமே?"

"வேல கம்மிம்மா. ஏசி ரூமு. ராஜா மாதிரி இருக்கேன்."

"இரு இரு, பூ வைக்கிறாங்க, போன அங்கிட்டு புடிக்கிறேன், கேளு..."

அம்மா போனைத் தூக்கிப் பிடித்தார் போலும். யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. "பாயாசத்துக்கு ஏலக்கா போட்டாச்சா?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஏலக்காய் போட்டார்களா இல்லையா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குள் போய் சிவப்பு பைக்கின் துணியை எடுத்தேன். அதற்கு பேட்டரி இல்லை, கிக்கரை உதைத்தால் போதும். சைலன்சர் துணியை உருவி, அரை டம்ளர் பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்து உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. குழந்தைகள் பைக் சத்தம்தான், தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அந்தத் தகர ஷெட்டுக்குள் அது சுவருக்குச் சுவர் மோதி ஒரு கடைத்தெரு போல நிறைந்தது. பக்கத்தில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆனதும் அணைத்து, பெட்ரோலை வடித்து, எண்ணெய் விட்டு, மூடினேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

இனி இல்லை என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் சொன்னபடியே மூடினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பைக் ஓடிக்கொண்டிருந்தபோது வெளியில் பிக்கப் ஹார்ன். வெள்ளியில் யாரும் வருவதில்லை. சட்டென்று அணைத்துத் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். உஸ்தாத் கையில் ஒரு பெரிய பொட்டலம். அவர் அறையில் யாருக்கோ ஊரில் பையன் பிறந்ததாம், பிரியாணி. அன்று அவருக்கு வேறு வேலை இல்லை. கேபினில் பேப்பர் விரித்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவர் தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். நான் என் தங்கை கல்யாணத்தைப் பற்றி என் உடைந்த இந்தியில் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் போன பிறகு, அந்தக் கோடையில் முதல்முறையாக, பகலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பெட்ரோலை வடிக்க மறந்துபோனேன். மறுபடி மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் அடுத்து வந்த வெள்ளிகளில் ஷெட்டுக்குள் போகவும் இல்லை.

அக்டோபர் முதல் நாள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். பட்டுக்கோட்டை அண்ணன் சதை போட்டு, ஊர் முறுக்கோடு வந்திருந்தார். பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்தேன். ஒன்று, இரண்டு, ஏழு. எட்டாவதுகூட இருமாமல் பிடித்தது. இருபது பைக்கும் கழுவுகிற எஞ்சினும் ஓடியபோது மேனேஜர் முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

சிவப்பு பைக்கை உதைத்தேன். ஒன்றும் இல்லை. பத்து உதை, இருபது உதை. கணுக்கால் வலித்தது. என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல பாய்?" என்று அண்ணன்தான் கேட்டார். நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் பிசின். பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசி முனை ஓட்டை அடைத்திருந்தது. உஸ்தாத் ஒரு மெல்லிய கம்பி இழையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். துளைத்து, கழுவி, மாட்டி உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்தது. வெயில் இன்னும் சாயவில்லை.

மேனேஜர் லீவு பேப்பரை எடுத்தார், பேனாவையும் எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் சொன்னார்: "ஆனா ஒண்ணு பிசினாயிருச்சுல. அப்ப ஒன் புக்க முழுசா நம்ப முடியாதுப்பா. வர்ற கோடைக்குப் பழையபடியே ஆள வச்சு வாராவாரம் ஓட்டிருவோம்."

அண்ணன் தரையைப் பார்த்தார். வாராவாரம் ஓட்டுவது என்றால் மறுபடி அவர்தான். நான் பேசாமல் இருந்திருந்தால் பேப்பர் என் கைக்கு வந்திருக்கும்.

"புக்கு தப்பில்ல பாய். நான்தான் தப்பு. இத மட்டும் நடுவுல ஸ்டார்ட் பண்ணேன். கடைசி தடவ வடிக்க மறந்துட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணியா? ஓட்டக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன! எதுக்கு?"

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. உஸ்தாத்தைப் பார்த்து, "அகேலா தா, உஸ்தாத்" என்றேன். தனியாக இருந்தேன்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். உஸ்தாத் சிரிக்கவில்லை. பிரியாணி கொண்டுவந்த அன்றே ஷெட்டில் புகை வாசனை அடித்தது தனக்குத் தெரியும் என்றார். இந்தப் பையன் உயிரோடுதான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு மேனேஜரிடம், "இருபத்தொன்றை இவன் கிதாபுபடி மூடுவோம். இந்தச் சின்னதை மட்டும் மூட வேண்டாம். யார் இருக்கிறானோ அவனுக்கு. கலாஸ், அவ்வளவுதான்" என்றார்.

மேனேஜர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். "கம்பெனி பெட்ரோலு," என்று முணுமுணுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு போய்ச் சேர்ந்தேன். பாயாசத்தில் ஏலக்காய் இருந்தது.

திரும்பி வந்ததும் என்னை அல் குசைஸ் வொர்க்‌ஷாப்புக்கு மாற்றினார்கள். அறையில் எட்டுப் பேர். மே மாதம் யார்டுக்குப் போய் இருபத்தொன்றை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டில் இருபத்திரண்டாவது வரியில் டிக் இல்லை. இந்த முறை யார்டில் இருந்தது நேபாளத்துக்காரர் ஒருவர். கம்பெனிக்குப் புதிது. எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது நூறு இந்தி வார்த்தைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தது. எடுத்தேன். பேச்சு இல்லை. தூரத்தில் தையல் மெஷின் போல அந்தச் சத்தம் மட்டும். தொட்டிப் பக்கம்தான் சிக்னல் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தொட்டி வரைக்கும் பைக்கை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"யாருடா போன்ல?" என்று மேல் கட்டிலிலிருந்து கேட்டார்கள்.

அவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லி கையைக் காட்டிவிட்டு, ஐந்து நிமிடம் முடியும் வரைக்கும் காதில் வைத்திருந்தேன். பிறகு, "வடிக்க மறக்காதீங்க" என்று இந்தியில் சொன்னேன்.