மூடியில் வைத்த சந்தனம்

உழவர்கரையிலிருந்து பட்டணத்துக்கு வந்த வாடகை மோட்டாரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாதாகோயிலில் மணியடிக்கிறவர். ஒல்லியான மனிதர், கழுத்தில் சிலுவை. எந்தச் சத்தம் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கவனிப்பார்.

வழியில் சாரம் கிராமத்தைத் தாண்டியதும் வண்டி திணறி நின்றுவிட்டது. டிரைவர் முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கிளம்பவில்லை. மாலை மணி அடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டிரைவர் தொட்டி மூடியைத் திறந்தபோது 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். மணியடிக்கிறவரின் தலை சாய்ந்தது.

"உள்ள காத்து போனாத்தானப்பா பெட்ரோல் எறங்கும். மூடியில சின்ன ஓட்டை இருக்குமே?"

டிரைவர் மூடியைத் தடவினார். "நேத்து ஆயுத பூஜைங்க. அது மேலதான் சந்தனம் வச்சேன். சாமிக்கு வச்சத எப்படிங்க சுரண்டறது?"

"குடு, நான் எடுக்கறேன்."

தீக்குச்சியால் ஓட்டையை மட்டும் திறந்துவிட்டார். விரலில் ஒட்டிய சந்தனத்தை எங்கே துடைக்கப்போகிறார் என்று டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் அதைத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"போலாம்."

வண்டி கிளம்பியது. மாதாகோயில் வாசலில் இறங்கி ஓடும்போதும் சந்தனம் நெற்றியில் இருந்தது. நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் மணி கேட்டது. நெற்றியைத் துடைக்க அவருக்கு நேரம் இருந்ததா என்று இன்றும் சில சமயம் யோசிக்கிறேன்.