எழுத மறுத்த சொல்

கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து மூன்றாவது மாதம், எண்பத்தெட்டாம் ஆண்டு, வீதியில் ஒரு தலைப்பாகையைக் கண்டு குழந்தையின் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மனிதர் கையில் இருந்தது ஒரு பை உருளைக்கிழங்கு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டைச் சோதனை போட வந்த இந்திய ஆமிக்காரரில் ஒருவன் தலைப்பாகை கட்டியிருந்தான். மற்றவர்கள் அலுமாரிகளைக் கிளறும்போது அவன் அறை வாசலில் துவக்கோடு நின்றான். நான் குழந்தையை அணைத்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். பிறகு போய்விட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை, எதையும் எடுக்கவுமில்லை. கேட்பவர்களுக்கு இதில் கதையே இல்லை. எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நவம்பரில், பக்கத்துத் தேவாலயத்து மண்டபத்தில், எல்லா மதத்தவரும் சேர்ந்து உலக சமாதானத்துக்காக ஒரு வழிபாடு வைத்தார்கள். ஏற்பாடு செய்த ஜெர்மன் பெண்மணிதான் எங்கள் அகதி விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தருபவர். சைவர்கள் சார்பில் விளக்கேற்ற வேண்டும், சுவரில் ஒட்டுவதற்கு சமாதானம் என்பதைத் தமிழில் பெரிதாக எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். அவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

வீட்டில் பேனையோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அமைதி எண்டு எழுதும். வடிவான சொல்லெல்லோ," என்றார் கணவர்.

"அந்தச் சொல்லை என்னால எழுத ஏலாது."

"ஏன்?"

"அமைதிப்படை எண்டு பேர் வச்சுக்கொண்டுதானே இந்திய ஆமி வந்தது?"

அவர் எண்பத்தாறிலேயே, குழந்தை என் வயிற்றில் இருக்கும்போதே, இங்கு வந்துவிட்டவர். அந்தச் சண்டையைக் கடிதத்தில் வாசித்தவர். தேத்தண்ணி போட எழும்பிப் போனார். நான் 'சமாதானம்' என்று எழுதினேன். அந்தப் பெயரில் யாரும் என் வாசலில் துவக்கோடு நிற்கவில்லை.

மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் வீதியில் கண்ட அந்த உருளைக்கிழங்குக்காரர். என் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கணவர் குழந்தையோடு வட்டத்துக்கு வெளியே, கதவோரம் இருந்தார். அந்தப் பெண்மணி உருளைக்கிழங்குக்காரரை எல்லாருக்கும் அறிமுகம் செய்தார்: பஞ்சாபிலிருந்து வந்தவர், சீக்கியர், எண்பத்துநாலில் சீக்கியரைத் தேடித்தேடிக் கொன்றபோது தப்பி வந்தவர், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். அவரும் என்னைப்போல ஓடி வந்தவர் என்று மூளைக்கு விளங்கியது. நெஞ்சு அதைக் காதில் வாங்கவில்லை.

விளக்கேற்றப் போனேன். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை அவர் எழும்பி வந்து காற்றுப் படாமல் இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிப் பிடித்தார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு அவசரமாக ஏற்றிவிட்டு என் கதிரைக்குத் திரும்பினேன்.

அடுத்தது அவர் முறை. எல்லாரையும் தலையை மூடச் சொன்னார். ஜெர்மன்காரர்கள் மூக்குத் துடைக்கும் கைலேஞ்சிகளைத் தலையில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு இருந்தார்கள். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அவர் கண்ணை மூடிப் பாடினார். தங்கள் பிரார்த்தனை உலகத்தில் எல்லாருக்கும் நன்மை கேட்டுத்தான் முடியும் என்று ஜெர்மனில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அமைதி," என்றார், தமிழில்.

எனக்கு உயிர் போய் வந்தது. பஞ்சாப்காரருக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும்? நான் எழுத மறுத்த சொல் இவருக்கு எப்படித் தெரியும்? எங்களை உளவு பார்க்க வந்தவரோ? இதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்து கோப்பியும் கேக்கும் கொடுக்கும்போது அவர் நேரே என்னிடம் வந்தார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலவே நொண்டியது.

"நீங்கள் யாழ்ப்பாணம்?"

தலையாட்டினேன்.

"என் தம்பி அங்கே. ஆமி. ஒரு தமிழ்ச் சொல் படித்தேன் என்று கடிதத்தில் எழுதினான். அதைத்தான் சொன்னேன். சரியா?"

"சரி."

"அதற்குப் பிறகு கடிதம் இல்லை. நாலு மாதம்." சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். தலைப்பாகை, சீருடை, இன்னும் சரியாக வளராத தாடி. "பார்த்தீர்களா?"

அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க நான் பார்த்தது தலைப்பாகையையும் துவக்கையும்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இவனாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் படத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்த்தேன்," என்றேன். "எங்கள் வீட்டுக்கு வந்தார். சுகமாக இருந்தார்."

"எப்போது?"

"நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கிழமை."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவுக்கு நாளைக்கே டெலிபோன் எடுப்பேன் என்றார். நான் கையை இழுக்கவில்லை.

வழியில் கணவரிடம் சொன்னேன்.

"ஏனப்பா பொய் சொன்னனீர்?" என்றார்.

"எனக்குத் தெரியாது. சும்மா நடவுங்கோ."

அந்த மாரிகாலக் குளிர் முழுக்க அவரை வீதியில் காணும்போதெல்லாம் தள்ளுவண்டியை நிறுத்திவிடுவேன். முன்பு தலைப்பாகைக்குப் பயந்தேன். இப்போது அதற்குக் கீழே இருக்கும் முகத்துக்கு. தம்பியின் கடிதம் வந்ததா, சாவுச் செய்தி வந்ததா என்று தூரத்திலிருந்தே தேடுவேன். அவர் சிரித்துக் கை காட்டுவார். எனக்கு அன்றைக்கு மூச்சு வரும்.

மார்ச்சில் ஒருநாள் அவர் டிராம் தரிப்பிடத்தில் நின்றார். என்னைக் கண்டார். கையைத் தூக்கவில்லை. மகன் சுகம் என்று அவருடைய தாயை ஒரு மாரிகாலம் முழுக்க நம்பவைத்ததற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், தள்ளுவண்டியோடு வீதியைக் கடந்து அவரிடம் போனேன்.