என் முகத்தின் வழியே மண்ணெண்ணெய்

புது அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்தால் ஒரு மணம் வரும்... பாதி கலியாண வீடு, பாதி கராஜ். அந்த மணம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு என் சொந்த முகந்தான் நினைவுக்கு வரும்.

ஏனென்று சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள்.

கட்டாரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகக் கடை போட்டிருந்த காலம். மறு வருஷமே எதிரில் ஒரு பெரிய கடை முளைத்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, போகிற ஆளுக்கெல்லாம் குளிர்சோடா. என் கடையில் இருந்தது ஒரு மேசைக் காற்றாடி. அதுவும் என் பக்கம் மட்டுந்தான் திரும்பும்.

என் மனைவி வசந்தி சொல்லிவிட்டாள்:

"கடை ஓடாட்டிப் பெட்டியைக் கட்டுங்கோ. கட்டார் உங்களைத்தான் தேடுதாம்."

எனக்கோ திரும்பிப் போக விருப்பமே இல்லை. மிச்சமிருந்த நாலு முடியையும் அந்த வெயிலுக்குக் கொடுக்க ஏலாது.

வருஷப் பிறப்புக்குக் கலண்டர் அடித்துக் கொடுத்தால் ஆட்கள் வருவார்கள் என்று யோசித்தேன். தபால் கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில், கம்ப்யூட்டரும் கையுமாக, ரிஸ்வானா என்று ஒரு கிண்ணியா ஊர்ப் பிள்ளை டிசைன் செய்துகொண்டிருந்தார். அவர் சொன்ன விலைக்கு ஒரு நல்ல புரொப்பெல்லர் வாங்கலாம். படம் ஒட்டுவதற்கு இவ்வளவா என்று திரும்பி வந்து, நானே செய்தேன்.

மேலே நாலு மதத்துச் சின்னங்கள், யாரும் கோவிக்கக் கூடாதே. நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட நான். என்னைச் சுற்றி பிளக், கார்பரேட்டர், கியர்... கலியாணப் படத்தில் சொந்தக்காரர் நெருக்கியடிப்பது மாதிரி.

திகதிகளா? இருந்தன... அடியில், எறும்பு வரிசை போல.

நல்ல தடித்த, பளபளக்கும் தாளில் அடித்து, சாம்பல்தீவிலிருந்து மூதூர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாசி மாதம் சல்லிக் கடற்கரைக்குப் போனேன். என் வாடிக்கையாளன் பாலன், படகில் குனிந்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். புனலுக்குப் பதிலாக, கூம்பாகச் சுருட்டிய ஒரு தாள். கிட்டப் போய் எட்டிப் பார்த்தால்... உள்ளே நான்! கறுப்புக் கண்ணாடிக்கு மேலால் மண்ணெண்ணெய் ஓடுகிறது.

"டேய் பாலன், இது என்ர கலண்டர் எல்லோ?"

"ஓம் அண்ணை. சோக்கான பேப்பர். ஒரு சொட்டு ஒழுகாது. இன்னும் ரெண்டு கிடந்தாத் தாங்கோ."

"திகதி பாக்கிறேல்லையோ?"

"எங்க கிடக்கு திகதி? உங்கட மூஞ்சையைத் தாண்டிப் போக ஏலாமக் கிடக்கே!"

பக்கத்துப் படகிலிருந்து ஒரு குரல்: "அண்ணை இண்டைக்குத்தான் எஞ்சினுக்கு உண்மையா உதவியிருக்கிறார்!"

வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னும் ஒரேயொரு வருஷம். ஆனா அடுத்த கலண்டர் அந்தப் பிள்ளையிட்ட. உங்கட மூஞ்சை இல்லாம" என்றாள்.

வருஷக் கடைசியில் வசந்தியும் நானும் போனோம். ரிஸ்வானா படம் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டார்.

"ஒங்கட ஆக்கள் எஞ்சின் ஒயில் மாத்தின நாள எங்க எழுதி வைக்கிற?"

"எங்க எழுதிறது... மறந்துபோவாங்கள். எஞ்சின் இறுகினாப் பிறகுதான் ஓடி வருவாங்கள்."

பத்து நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் கலண்டரைக் காட்டினார். மேலே சின்னதாக ஒரு படகு, கடைப் பெயர், ஃபோன் நம்பர். மற்றதெல்லாம் பெரிய பெரிய கட்டங்கள். அமாவாசையும் பூரணையும் தூரத்திலிருந்தே தெரிந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் வெள்ளை. 'ஒயில் மாற்றிய நாளை இங்கே எழுதுங்கள்' என்று கீழே ஒரு வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, இந்த வெள்ளைக்கும் சேர்த்தோ நான் காசு தாறன்?"

"வெள்ளைக்குத்தான் அண்ணன் காசு. மத்ததையெல்லாம் நீங்களே செஞ்சிருவீங்க."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் விமானம் ஏறுகிற சத்தம் கேட்டது. காசை எடுத்து வைத்தேன்.

அந்த வருஷம்... பாலன் வீட்டுச் சுவரில், கட்டைபறிச்சானில் ஒரு வீட்டுக் குசினிக் கதவில், கிண்ணியாவில் ஒரு கராஜில், போன இடமெல்லாம் அந்தக் கலண்டர் தொங்கியது. கட்டங்களுக்குள் ஒயில், பிளக், மச்சாள் கலியாணம். ஒரு வீட்டில், 'இன்று முதல் மருமகனோடு கதை இல்லை.'

எழுதிய நாளைப் பார்த்தார்கள், மேலே நம்பரைப் பார்த்தார்கள், எஞ்சின் இறுக முதலே கடைக்கு வந்தார்கள். கட்டார்ப் பெட்டி இன்றைக்கும் அலுமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. வசந்தி அதற்குள் பழைய போர்வைகள் வைத்திருக்கிறாள்.

இப்போது எல்லாம் ஃபோனுக்குள் வந்துவிட்டது. இந்த முறை என் மகன் ஐந்தே நிமிஷத்தில் ஒரு கலண்டர் செய்து, எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். ஒரு சதமும் செலவில்லை. நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு நான்... பரம்பரை வியாதி. கலர் கலராகத்தான் இருந்தது. எழுத ஒரு கட்டமில்லை, மணமும் இல்லை.

பாலனுக்கு ஃபோன் அடித்துக் கேட்டேன், கலண்டர் கிடைத்ததா என்று.

"ஓம் அண்ணை, கிடைச்சுது. உங்கட மூஞ்சை வடிவாத்தான் கிடக்கு. ஆனா என்ன... சுருட்ட ஏலாமக் கிடக்கு."