அலுமினியம் சிவக்காது

போன வாரம் நன்னிலம் பக்கம் வாய்க்காலில் இறங்கிவிட்ட ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். விபத்தான வண்டிகளைப் பார்த்து, சரி செய்யலாமா வேண்டாமா என்று காப்பீட்டுக்காரர்களுக்கு அறிக்கை எழுதித் தருவதுதான் இப்போது என் பிழைப்பு. மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் ஆசையாக வாங்கியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இருக்கைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. அதோடு வண்டியின் கதை முடிந்தது.

"தொடச்சுக் காய வச்சா சரியாயிடாதுங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பேனட்டில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். இரும்பைத் தட்டினால் ஒரு மாதிரி பேசும், அலுமினியம் வேறு மாதிரி பேசும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். ஈரமான தோல் இருக்கையும் வாய்க்கால் சேறும் கலந்த வாடை வேறு. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்கு இருபத்தாறு வயதில் நான் ஒரு பெரிய மெக்கானிக் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. தஞ்சாவூரில் ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் வேலை. வண்டி வந்தால் லேப்டாப்பைச் செருகுவேன், அது ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண்ணுக்கு என்ன பாகம் என்று புத்தகத்தில் பார்த்து மாற்றுவேன். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் சட்டையில் என் பேர் தைத்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

அந்த வருடக் கார்த்திகையில் புயல் அடித்தது. தென்னையெல்லாம் வேரோடு படுத்துக் கிடந்தது. ஷோரூம் வாசலில் தண்ணீர் குடித்த கார்கள் வரிசையாக நின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஓர் அம்மா வந்து நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைப் பருத்திப் புடவை, கறுப்புக் கண்ணாடி. நன்னிலத்துக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் பிரசவம் பார்த்த டாக்டர். ஊரே அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்லும்.

"என் வண்டி மேல புளியமரம் விழுந்துடுச்சு. இங்க கேட்டா பழைய இரும்புக்குப் போடுங்கறாங்க. யாராவது ஒருத்தர் வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேணா அதையே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் செய்தது, கரும்பச்சை நிறம். டாக்டரம்மா இளம் வயதில் நீலகிரியில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சொந்த நாட்டுக்குத் திரும்பிய மேலாளர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். பிறகு சொந்த ஊருக்கு வந்து பிரசவத்துக்கெல்லாம் இதில்தான் போவாராம். வாய்க்கால் கரையில் அந்தச் சத்தம் கேட்டால் நடவு நட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து, யாருக்கோ வலி கண்டுவிட்டது என்று சொல்லிக்கொள்வார்களாம். டாக்டரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் ஓர் அண்ணன் மகன் மட்டும் இருந்தார்.

வண்டி நின்ற கொட்டகையின் ஒரு பக்கம் சரிந்து, மரத்தின் ஒரு கிளை பேனட்டை நடுவில் குழித்திருந்தது. முன் கண்ணாடி இல்லை. வண்டியின் தரைப் பலகை ஊறி உப்பிப்போயிருந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். லேப்டாப்பைச் செருக அதில் இடமே இல்லை என்பதுதான் முதலில் மனதில் பட்டது.

"எனக்கு க்ளாக்கோமா. ஓரத்துப் பார்வை போயிட்டே இருக்கு" என்றார், யாரோ நோயாளியைப் பற்றிச் சொல்வது போல. "பகல்ல, ஆள் இல்லாத ரோட்டுல, பொங்கலைச் சுத்தி வரைக்கும் ஓட்டலாம்னு கண் டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்கு மேல நிச்சயமில்ல. ஒரே ஒரு தடவை ஓட்டணும். முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "முடிச்சிரலாம்மா" என்றேன்.

ஷோரூமில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு அங்கேயே கிடந்தேன். பழைய வண்டிகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. மனிதன் கையால் செய்ததை இன்னொரு மனிதன் கையால் செய்துவிடலாம். கண்ணாடி தட்டையானது என்பதால் தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தந்தார்கள். கூரைத் துணியைத் தார்ப்பாய் தைப்பவர் தைத்தார். தரைப் பலகையை முத்துப்பேட்டையில் படகு செய்கிறவர் இழைத்துப் பொருத்தினார். இனி மழை வந்தால் மிதக்கும் என்று சிரித்தார். எஞ்சின் மூன்றாவது வாரமே உறுமிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் மகன் அப்போது போனில் சொன்னாராம், எதற்கு இந்தக் கஷ்டம், இப்போது வருகிற கார்களே பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், சாலைக் கோட்டைத் தாண்டினால் சத்தம் போடும், ஒன்று வாங்கித் தருகிறேன் என்று. "அது ஓட்டும், நான் சும்மா உக்காந்திருப்பேன். அதுக்கு பஸ் போதும்னு சொல்லிட்டேன்" என்றார் என்னிடம்.

மிச்சம் இருந்தது பேனட் மட்டும்தான். அதற்கு அந்தோணி அண்ணனைப் பிடித்திருந்தேன். மன்னார்குடியில் டிங்கர் வேலை பார்ப்பவர். கசங்கிய தகட்டைத் தட்டி உருவத்துக்குக் கொண்டுவருவதில் அவரைப் போல ஆள் கிடையாது. அவர் பேனட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அலுமினியம். நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க" என்றார். தங்கை வீட்டுக் கூரை புயலில் போய்விட்டதால் அதைப் போட்டுக் கொடுக்க வேதாரண்யம் பக்கம் போனார். பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு அங்கே ஒரு தெருவே கூரையில்லாமல் காத்திருந்தது.

மார்கழி பாதி போய்விட்டது. டாக்டரம்மா தினம் காலையில் சுவர்க் காலண்டர் முன்னால் நின்று தன்னைத் தானே சோதித்துக்கொள்வார். ஒருநாள் சொன்னார், "நேர பாத்தா தேதி தெரியுது. அதே பார்வையில மாசத்துப் பேரு தெரியல." இன்னும் அந்தோணி அண்ணனுக்காக எப்படிக் காத்திருப்பது? பேனட்டைக் கழற்றிக் கட்டைகள்மேல் வைத்து, சூடாக்கித் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று கேஸ் டார்ச்சை எடுத்தேன்.

இரும்பு சூடானால் சிவக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அலுமினியம் சிவக்காது. கடைசி நொடி வரைக்கும் ஒன்றும் ஆகாதது போல வெள்ளையாக இருக்கும். பிறகு ஒரேயடியாக உருகிக் கீழே விழும். எனக்கு அது தெரியாது. கண்ணெதிரே பேனட்டின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஐம்பது வருடம் தாங்கிய தகடு. அதன் வழியாகத் தரை தெரிந்தது.

என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள். சாக்கைப் போட்டு மூடினேன். டாக்டரம்மாவிடம், ரேடியேட்டருக்கு ஒரு பாகம் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்றேன். அடுத்த நாளிலிருந்து நானே ஒட்டுப் போட முயன்றேன். ஒவ்வொரு முயற்சிக்கும் ஓட்டை பெரிதாகியது. அந்தோணி அண்ணனுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லக் கூசியது; பட்டறையில் நாலு பேரிடம் சொல்வாரே என்று. பொங்கல் வந்தது, போனது. "பம்பாய்லேந்து வந்துடுச்சா?" என்று கேட்பார். "ரெண்டு நாள்ல வந்துரும்மா" என்பேன். ஏறக்குறைய ஐந்து வாரம் இப்படி ஓட்டினேன்.

ஒரு மதியம் அவரே கொட்டகைக்கு வந்துவிட்டார். நான் எழுந்து நிற்பதற்குள் சாக்கின் மேல் கை வைத்தார். அதை விலக்கி, விளிம்பை விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். உருகி வழிந்து உறைந்த இடங்களில் விரல் நின்று நின்று போனது.

"எப்ப ஆச்சு?"

"மார்கழியிலம்மா."

வெளியே அறுவடை இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு தடவை கை தப்பியிருக்கு. குழந்தை போயிடுச்சு. அன்னைக்கே, அந்த நிமிஷமே, வெளியில போயி குழந்தையோட அப்பாகிட்ட சொன்னேன். அடிக்கத்தான் வந்தாரு. ஆனா சொன்னேன்." அவ்வளவுதான். திட்டவில்லை. சாக்கைப் பழையபடி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்று சாயங்காலமே அந்தோணி அண்ணனுக்குப் போன் செய்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பார்த்தார். "அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். புதுத் தகட்டில் சலவை சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டினார். சோப்பு கறுத்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும், அதுதான் அலுமினியத்துக்கு அடையாளம் என்றார். அரை சோப்புக் கட்டி. அதற்குள் இருந்தது அந்த வித்தை. சரியான தகடு கிடைத்து, மரக் கட்டையில் வைத்துத் தட்டி, வளைவு எடுத்துப் பற்றவைத்து, பெயிண்ட் காய்ந்து முடியச் சித்திரை பிறந்துவிட்டது.

வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். டாக்டரம்மா முன்விளக்கிலிருந்து கதவு வரைக்கும் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அதிலிருந்தே எனக்குப் புரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கிளட்சை மிதித்தபடியே முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடி கீழே என்று ஒவ்வொன்றாகப் போட்டார். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. பிறகு சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"களத்துலயாவது ஓட்டுங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"எத்தனை பேருக்கு வண்டி ஓட்டாதீங்கன்னு நானே சொல்லியிருக்கேன். நீ ஓட்டு." இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்ல."

ஓட்டினேன். மதகு வரும் முன்பே, தண்ணீர் வாடையை வைத்தோ என்னவோ, "இப்ப மூணாவதுக்குப் போ" என்பார். ஒவ்வொரு வளைவிலும் நான் திரும்பும் முன்பே அவர் உடம்பைச் சாய்த்தார். காற்றில் புடவைத் தலைப்பு அடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"வயல் எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கும்மா."

"சித்திரையில ஏதுப்பா பச்சை. இன்னும் பொய் சொல்ற."

அடுத்த மதகில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். அண்ணன் மகன் காரை வடக்கே ஒரு சேகரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டார். பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அந்தோணி அண்ணன் மகளோடு மலேசியா போய்விட்டார். நானும் அந்தச் சித்திரையோடு ஸ்பேனரைத் தொடுவதை விட்டேன். சாலையை அகலப்படுத்தியபோது மதகோரத்து வளைவுகளை எல்லாம் நேராக்கிவிட்டார்கள்; புளியமரங்கள் ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

டாக்டரம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அண்ணன் மகன் இலை போடுவதற்கு முன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். புயலுக்கு அடுத்து வந்த தை மாத நடுவில் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாராம். "இன்னும் கொஞ்ச நாள் தாராளமா ஓட்டலாம்னு சொன்னாருங்க. அத்தைக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்."

எனக்கு அந்தத் தை மாதம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மழை இல்லை, ஒரு மேகம் இல்லை. சம்பா அறுத்துச் சாலை நெடுக நெல் காயப் போட்டிருந்தார்கள். நான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.