இரண்டு வைரக்கண்ணுகளும் ஒரு கோழிக் கடனும்

கடனே வாங்காதவர் என்று ஊர் ஒருவரைப் பாராட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருக்கே கடன் தேவைப்படும் நாளில், அந்தப் பாராட்டை எந்த வங்கியிலும் காட்ட முடியாது. மன்னார்குடிக்குத் தெற்கே கோரையாற்றங்கரையில் வைக்கோல் வியாபாரம் செய்யும் து. வைரக்கண்ணுவுக்கு இது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பழைய டிராக்டரைக்கூட ரொக்கம் கொடுத்து வாங்கியவர் அவர்.

ஊரெல்லாம் நெல்லைப் பார்க்கும். அவர் நெல் போன பிறகு மிஞ்சுவதைப் பார்ப்பார். அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறியதும் விவசாயி மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்கு ஓடுவார். மெஷின் இறைத்துவிட்டுப் போன வைக்கோலைச் சுருட்டிக் கட்டி, லாரியில் ஏற்றி, மேற்கே மாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புவது வைரக்கண்ணுவின் வேலை. சுருட்டிக் கட்டும் மெஷின் மட்டும் சொந்தமில்லை. தை மாதம் சேலத்துப் பக்கமிருந்து வாடகைக்கு வரவேண்டும். போன தையில் அது வந்து சேர்வதற்குள் மழை வந்து சேர்ந்தது. பாதி வைக்கோல் வயலிலேயே கறுத்துப் போயிற்று.

“இந்தச் சம்பா அறுப்புக்குள்ள சொந்த மெஷின். இல்லன்னா இந்த யாவாரத்துக்கே முழுக்கு” என்று மனைவி அம்சத்திடம் சொன்னார். முழுக்கு என்பதை அம்சம் நம்பவில்லை. ஆனால் பாதிப் பணம் கையில் சேர்ந்திருந்தது. மீதிக்குக் கடன் கேட்டுக் கார்த்திகையில் இருவரும் வங்கிக்குப் போனார்கள்.

மேலாளர் மாலதி கணினியைப் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார்.

“ஐயா, பழைய கடன் ஒண்ணு கட்டாமலே இருக்கே?”

“எனக்கா? நான் ஒருத்தர்கிட்ட கைமாத்துகூட வாங்கினது கெடையாதும்மா.”

“கோழிப்பண்ணைக் கடன்னு போட்டிருக்கு.”

“நான் கோழி முட்டைகூடச் சாப்புடறதில்லையே! அம்சம், சொல்லேன்.”

“சாப்புடுவாரு,” என்றார் அம்சம். “ஆனா கோழி வளக்கலை.”

சொல்லி முடிப்பதற்குள் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழி வளர்த்தவர் யாரென்று இருவருக்கும் தெரியும். அவர் தங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

துரைராசு, துரைக்கண்ணு என்ற அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மூத்த பிள்ளைக்குத் தகப்பனார் பெயரையே வைத்ததில் யாருக்கும் குறை இல்லை. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு து. வைரக்கண்ணுகள் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் சேர்த்தார்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரே ஒரு தேதியை வழங்கிவந்த காலம் அது. ஆடியில் பிறந்தவரும் ஐப்பசியில் பிறந்தவரும் ஒரே மே மாதப் பதினைந்தாம் தேதியில் மறுபடி பிறந்தார்கள். பின்னாளில் பாகம் பிரித்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பியபோது, கதவு எண்ணைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்குக் குழப்பம் வந்ததில்லை. இவர் வைக்கோலார், அவர் கோழியார். தபால்காரர்கூட ஒருநாளும் கடிதத்தை மாற்றிக் கொடுத்ததில்லை. பட்டப்பெயர் இல்லாத இடத்தில்தான் குழப்பம்.

கடன் விவரங்களைத் தொகுத்து வங்கிகளுக்கு அறிக்கை தரும் நிறுவனத்திடம் மாலதி இணையத்தில் ஆட்சேபணை பதிவு செய்து கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் பொருந்துகின்றன, கடன் கொடுத்த நிறுவனம் சொன்னால் மட்டுமே திருத்துவோம் என்று பதில் வந்தது. வைக்கோலார் தஞ்சாவூருக்குப் போய் அந்த நிதி நிறுவனத்தில் சதீஷ் என்ற அதிகாரியைப் பார்த்தார். கோப்பில் இருந்த அடையாள அட்டை ஜெராக்ஸில் முகம் முழுவதும் கறுப்பாக இருந்தது. அது யாராகவும் இருக்கலாம்.

“அந்த இன்னொரு வைரக்கண்ணு நேர்ல வந்து, கடன் என்னுதுன்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது சார்,” என்றார் சதீஷ். “இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு வி.ஏ.ஓ. கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க.”

கிராம நிர்வாக அலுவலர் நெடுமாறன் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டார்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருந்தா, ரெண்டும் ஒரே ஆளுதான்னு சான்று இருக்கு. ரெண்டு ஆளுக்கு ஒரே பேரு இருந்தா குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்களே.”

“எங்க ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியுமுல்ல?”

“நேத்துகூட ரெண்டு பேரையும் பாத்தேன். ஆனா எனக்குத் தெரியுங்கறது கம்ப்யூட்டர்ல ஏறாதுங்க. அவர்கிட்ட வேணா நான் கேட்டுப் பாக்குறேன்.”

கேட்டுவிட்டு, கோழியாரின் பதிலை அப்படியே கொண்டுவந்தார்: “அன்னிக்குப் பத்திரிகையில ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு விட்டாருல்ல? இன்னிக்கு ரெண்டு ஆளுன்னு நான் போயி சாட்சி சொல்லணுமாக்கும்?”

ஆறு வருடத்துக்கு முன், வைக்கோலார் மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் நல்வரவை விரும்பும் உறவினர் பட்டியலுக்கு இரண்டு து. வைரக்கண்ணுகளையும் எழுதித்தான் கொடுத்திருந்தார். அச்சகத்துக்காரர் கைதவறி இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒன்றை எடுத்துவிட்டார். எஞ்சியது தம் பெயர் அல்ல என்று கோழியாருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அச்சகத்துக்காரர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் பங்காளி இல்லை என்பதால் அது செல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாவுத் தீட்டை மட்டும் இருவரும் முறையாகக் காத்துவந்தார்கள்.

சண்டை ஆண்களுடையது. அதில் தலையிடக் கூடாது என்று பெண்கள் இருவரும் கொல்லைச் சுவரோரம் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அறுப்புக்கு இன்னும் மாசம்கூட முழுசா இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார் அம்சம்.

“கெஞ்சினா வரமாட்டாருடி,” என்றார் கோழியாரின் மனைவி மலர்க்கொடி. “உபகாரம்னு சொன்னா இன்னும் மோசம். நான் வேற மாதிரி சொல்றேன் இரு.”

அன்று மதியம் சோறு போடும்போது சொன்னார்: “கேட்டீங்களா, நம்ம கோழிப்பண்ணை இப்ப அவரு பேர்ல இருக்காம்.”

“எது?”

“நம்ம பண்ணைதான். பண்ணை வெச்சது, கடன் வாங்கினது எல்லாம் அவருதானாம். கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் ஏத்தியிருக்காம். நாம ஒண்ணுமே செய்யலையாம்.”

கோழியாரின் கை இலையில் நின்றது. வாழ்க்கையில் அவர் பெரிதாகச் செய்தது அந்தப் பண்ணை ஒன்றுதான். கஜா புயல் ஒரே இரவில் கொட்டகையைத் தூக்கிப் பக்கத்து வயலில் போட்டது. அதன்பின் கடனைக் கட்ட வழியில்லை. கேட்டு வருவதும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவர் யோசிக்கவில்லை. கடன் வாங்கியவர்கள் அதைப் பொதுவாக யோசிப்பதில்லை.

“கஜாவுல பறந்தது யாரு கொட்டகை? அவருக்கு ஒரு ஓடு ஒடைஞ்சுதா அன்னிக்கு? என் கடனை எடுத்துக்க அவரு யாரு?”

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார், கக்கத்தில் பையோடு. கொல்லைச் சுவர் வழியே சேதி அறிந்து வைக்கோலாரும் வந்திருந்தார். தஞ்சாவூர் வரை அவர் முன் இருக்கையில், இவர் கடைசி இருக்கையில்.

சதீஷின் மேசைக்கு எதிரே மட்டும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான் கிடைத்தது.

“அவர்கிட்ட சொல்லுங்க,” என்று கோழியார் சதீஷிடம் ஆரம்பித்தார். “மூவாயிரம் குஞ்சு விட்டேன் நான்.”

“சார், அவர் உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்.”

“தெரியுது. நீங்க சொல்லுங்க.”

சதீஷ் ஓசூர்க்காரர். இந்தப் பக்கத்து நடைமுறை அவருக்குப் புதிது. “மூவாயிரம் குஞ்சாம் சார்,” என்றார்.

“ரெண்டாயிரத்து ஐநூறுன்னு அவருக்கு ஞாபகப்படுத்துங்க,” என்றார் வைக்கோலார். “வண்டியிலேருந்து எறக்கினப்ப நானும்தான் கூட நின்னு எறக்கினேன்.”

சதீஷ் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், கோழியார் மேசையைப் பார்த்துச் சொன்னார்: “வழியில செத்தது போக ரெண்டாயிரத்து ஐநூறு.”

 சதீஷ் நேர்மையாகவே எச்சரித்தார். “சார், இது உங்க பேருக்கு மாறிச்சுன்னா, இதைத் தீர்க்கிற வரைக்கும் உங்களுக்கு எந்த பேங்க்லயும் கடன் கிடைக்காது. தெரியும்ல?”

“தெரியாமயா பஸ் ஏறினேன்? என்னுது என் பேர்ல இருக்கட்டும்.”

தானாக வந்து தன் கடனைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் மனிதரை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. காபி வரவழைத்தார்கள். தலைமை அலுவலகத்தோடு பேசி, வட்டியைத் தள்ளுபடி செய்து, அசலைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். கோழியார் எழுதிக் கொடுத்துவிட்டு, வைக்கோலாரைத் திரும்பிப் பார்க்காமல் தனிப் பேருந்தில் ஊர் வந்தார்.

மார்கழிக் கடைசியில் அறிக்கை திருந்தி வந்தது. மாலதி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இப்ப உங்க பேர்ல ஒண்ணுமே இல்லைங்கய்யா.”

“அதைத்தாம்மா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“ஒண்ணுமே இல்லன்னாலும் சிக்கல்தான். கடன் வாங்கிக் கட்டியிருந்தாத்தானே, நீங்க கட்டுற ஆளுன்னு எங்களுக்குத் தெரியும்?”

“கடன் இருந்தாலும் ஆகாது, இல்லாட்டியும் ஆகாதா? அப்ப எப்படித்தாம்மா இருக்கறது?”

 வைக்கோல் லாரிகளுக்கு வரும் பணம் வருடா வருடம் தம் கிளையில்தான் விழுகிறது என்பதை மாலதி பார்த்திருந்தார். அந்தக் கணக்கை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் மெஷின் வந்தது. அறுப்பும் தொடங்கியிருந்தது. தங்கள் வயல் வைக்கோலையும் எடுத்துக்கொள்ளும்படி கோழியார் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் தவணைக்கு அந்தப் பணம் வேண்டும். கூலிக்கு வைத்த டிரைவர் அன்று வரவில்லை என்பதால், வைக்கோலாரே டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார்.

கோழியார் வரப்பில் நின்றிருந்தார். சேதி சொல்ல ஆள் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். வாய்க்கால் ஓரம் கொக்குகள் மட்டும் இருந்தன.

கடைசியில் கூப்பிட்டார். “டிரைவர்!”

வைக்கோலார் இன்ஜினை நிறுத்தினார். “சொல்லுங்க மொதலாளி.”

“அந்த மூலையில ஈரம் காயலை. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு வேற வயலு இருக்குங்க. பொரட்டிப் போட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்.”

“பொரட்ட ஆளு வரலை.”

வைக்கோலார் இறங்கி ஒரு கவைக்கம்பை எடுத்தார். கோழியார் இன்னொன்றை எடுத்தார். ஆளுக்கொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனார்கள்.

“மெஷின் எவ்வளவு ஆச்சு டிரைவர்?”

“அதை ஏன் கேக்குறீங்க மொதலாளி. மாசாமாசம் கட்டணும்.”

“கட்டிடுங்க. விட்டீங்கன்னா வேற யாராவது பேர்ல ஏத்திடுவானுங்க.”

டிரைவர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். அண்ணன் தம்பி பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அது உண்மைதான். டிரைவரும் முதலாளியும் மட்டும் அன்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.