வாஸ்துவும் எண்ணூற்றுப் பன்னிரண்டு லக்ஸும்

சூலூருக்குக் கிழக்கே ஒரு பனியன் கம்பெனியில் பதினேழு வருஷமாகச் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருப்பவள் சுப்பாத்தாள். ஊசி முனையளவு ஓட்டை, கடுகளவு எண்ணெய்க் கறை எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. மாப்பிள்ளை சட்டையில் தையல் விட்டிருப்பதைப் பந்தியிலேயே சொல்லிவிட்டு, நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அப்பேர்ப்பட்டவள் பார்த்து அனுப்பிய சரக்கில் மூன்று பெட்டி, கறை இருக்கிறதென்று திரும்பி வந்தது. முதலாளியின் மகன் சபரீஷ் எம்.பி.ஏ. படித்தவர் அல்லவா, நொடியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அம்மணி, உங்களுக்குக் கண்ணு போச்சுங்க. திங்கக்கிழமையிலிருந்து பிசிறு வெட்டப் போயிருங்க.”

பிசிறு வெட்டுவதென்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களோடு தரையில் உட்கார்ந்து நூல் நறுக்குவது.

“கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. போன மாசந்தான் கேம்ப்புல பாத்தாங்க. வெளிச்சந்தானுங்க பத்தல,” என்றாள் சுப்பாத்தாள்.

வெளிச்சம் பத்தாமல் போனதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆடி மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாஸ்து நிபுணர் வந்து, செக்கிங் மேசை கிழக்கு பார்த்தால் ஆர்டர் கொட்டும் என்றார். மேசையைத் திருப்பினார்கள். டியூப் லைட்டைத் திருப்பச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மகானுக்கு எல்லாமா தெரியும்? அது பாட்டுக்குச் சுப்பாத்தாளின் முதுகுக்குப் பின்னால் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சத்தைச் சரிபார்க்கச் சபரீஷ் கூப்பிட்டதில், சனிக்கிழமை லக்ஸ் மீட்டரோடு லட்சுமிநாராயணன் வந்தார். மேசை மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறதென்று அளந்து சான்றிதழ் தருகிறவர். பெரிய மனிதர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையா? சுப்பாத்தாள் எழுந்து நாலடி தள்ளிப்போய் நின்றாள். அவர் மீட்டரைக் காலி மேசையில் வைத்தார்.

“எண்ணூத்திப் பன்னெண்டு லக்ஸ்! எழுநூத்தம்பதே போதுமுங்க. பிரமாதம்.”

சபரீஷின் முகத்தில் அதைவிட நூறு லக்ஸ் கூடுதலாக வெளிச்சம்.

போச்சு, பிசிறுக் கத்திரி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள் சுப்பாத்தாள். காலி மேசையா கறை பார்க்கப்போகிறது? முதலாளி மகன் நிற்க, சார் நிற்க, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியவர்கள் முன்னால் அவள் போய்ச் சேரில் உட்கார்ந்தாள். துணியை எடுத்து எப்போதும்போலக் குனிந்தாள்.

“ஏனுங்க சார், இப்ப வெச்சுப் பாருங்க.”

அவள் தலை நிழலுக்குள் மீட்டர் போனது. நூற்றுத் தொண்ணூறு.

லட்சுமிநாராயணன் தொண்டையைச் செருமினார். “ரூல்ஸ்படி ஆளில்லாமத்தானுங்க அளக்கோணும்,” என்று சான்றிதழில் எண்ணூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினார்.

“மேசையைத் திருப்ப முடியாதுங்க அம்மணி. வாஸ்து,” என்றார் சபரீஷ்.

“மேசை அப்படியே இருக்கட்டுங்க. வாஸ்து மேசைக்குத்தானுங்க, எனக்கில்லீங்களே?”

சேரைத் தூக்கி மேசையின் எதிர்ப்பக்கம் போட்டு, லைட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மீட்டர் எழுநூற்றைம்பதைத் தாண்டியது. சேரைப் பற்றி வாஸ்துக்காரர் ஒன்றும் எழுதித் தரவில்லை என்பதால் சபரீஷால் மறுக்க முடியவில்லை.

“ஒரு மாசம் பாக்கறேங்க. இன்னொரு பெட்டி திரும்பி வந்தா பிசிறுதான்.”

ஒரு மாதம் என்ன, மூன்று மாதமாகியும் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. கம்பெனியில் சின்னதாக ஒரு விழா எடுத்தார்கள். வாஸ்து நிபுணருக்குப் பொன்னாடை, ஆளுயர மாலை. எண்ணூற்றுப் பன்னிரண்டு சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அவர் படத்துக்குக் கீழே மாட்டினார்கள். கைதட்டிய கூட்டத்தில் சுப்பாத்தாளும் இருந்தாள்.

“பாத்தீங்களா அம்மணி, வாஸ்து வேலை செய்யக் கொஞ்ச நாளாகும்னு சொன்னாருல்லங்க? உங்க கண்ணுகூடச் சரியாயிருச்சு பாருங்க,” என்றார் சபரீஷ்.

“ஆமாங்க,” என்றாள் சுப்பாத்தாள். அந்த ‘ங்க’வை மட்டும் மேட்டுப்பாளையம் வரைக்கும் கேட்கிற மாதிரி இழுத்துச் சொன்னாள்.