தண்ணீரில் வைத்த வெங்காயம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் பேசவே கூசுவேன். பேசாமல் வைத்திருந்தது உள்ளே கிடந்து பிறாண்டுவதால் எழுதுகிறேன்.

வேலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி வைப்பது என் வேலை. ஜன்னலோரம் வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றின் வாயிலும் அடி மட்டும் நனையும்படி உட்கார்ந்திருக்கும் சின்ன வெங்காயம்: அங்கே பேராசிரியையாக இருந்த மேடத்தை நினைத்தால் முதலில் இதுதான் வருகிறது. நாட்டு மருந்துச் செடிகளின் சாற்றில் வெங்காயத்தை வேர்விட வைத்து, குண்டூசித் தலையளவு வேர்நுனியைச் சிவப்புச் சாயத்தில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உயிரணு இரண்டாகும்போது உள்ளிருக்கும் மரபு இழைகள் ஒழுங்காகப் பிரிகின்றனவா, உடைகின்றனவா என்று தெரியும். உடைந்தால் அந்தச் செடியை நம்பமாட்டார். "மூலிகைன்னா கெடுதல் பண்ணாதுன்னு யார் சொன்னது? செடி நமக்காகவா முளைச்சுது?" என்பார். இப்போது ஓய்வு பெற்று மகனிடம் போய்விட்டார். நான் மட்டும் சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் வேர்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஒருநாள் மேடம் ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகைச் செடியைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். கழுவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் அரிப்புக்கு அதைத்தான் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார். முழங்கை வரை வெடித்துக் கிடந்த தோல் அதற்குப் பிறகுதான் ஆறியது. கை புண்ணாக இருந்தால் வேலைக்கு விடமாட்டார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடத்தின் முகம் மாறியது. "முதல்ல நிறுத்தச் சொல்லுங்கம்மா. இது கிட்னியக் கெடுக்கும். தோல் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க."

வீட்டில் சொன்னால் அவர் சிரித்தார். "அரிப்பு நின்னுச்சா இல்லியா? உங்க மேடம் வெங்காயத்துகிட்ட ஜோசியம் கேப்பாங்க, அதுக்கு நான் மருந்த நிறுத்தணுமா? சும்மா பேஜார் பண்ணாதடி." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, நான் குடிக்கிறதயே எடுத்துக்கினு போ. வெங்காயம் கெட்டுப்போச்சுன்னா நிறுத்திடறேன்" என்றார்.

மேடம் அவர் குடிக்கும் கஷாயத்தோடு, காய்ச்சுகிற தண்ணீரையும் தனியாகக் கேட்டார், ஒப்பிட்டுப் பார்க்க. ஊர்க்குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அதன்பின் வேலை ஓடவில்லை. துடைத்த குப்பியையே துடைத்தேன். சாக்குச் சொல்லி ஜன்னலுக்குப் போய்ப் போய்க் குனிந்து பார்த்தேன்.

டிஸ்டில்டு வாட்டரில் வைத்தது வெள்ளை வெளேரென்று நூல் நூலாக வேர்விட்டது. கஷாயத்தில் வைத்தது முளைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்ததும் குட்டையாக, நுனி பழுத்துக் கிடந்தது. "குப்பிய சரியா கழுவினீங்களா?" என்று கேட்டார் மேடம். மறுபடி கழுவி, புது வெங்காயம் வைத்தோம். அப்படியேதான் வந்தது.

மைக்ராஸ்கோப்பை எனக்கு விட்டு விலகி நின்றார். சிவப்பு இழைகள் இரண்டு பக்கமும் விலகிப் போயிருந்தன. நடுவில் ஒரு துணுக்கு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் தனியே கிடந்தது.

"இது கஷாயமா மேடம்?"

"இல்லம்மா. உங்க ஊர்த் தண்ணி. தோல் ஆலைக் கழிவு இறங்கியிருக்கும். கஷாயத்துல இன்னும் ஜாஸ்தி." கையுறையைக் கழற்றினார். "வெங்காயத்துக்கு ஆனது மனுஷனுக்கும் அப்படியே ஆகும்னு சொல்ல முடியாது. ஆனா நான் ரெண்டையும் குடிக்க மாட்டேன்."

அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. ஆறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷாயத்த நிறுத்திடறேன், சொன்னா சொன்னதுதான்" என்றார். "தண்ணிய இன்னா பண்றது?"

மறுநாள் அவர் கஷாயம் குடிக்காமல் வேலைக்குப் போனார். சாப்பாட்டுப் பையில் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் வைத்து அனுப்பினேன்.